முதல் காய் யாருக்கு?

படைத்து, உணவளித்து, பாதுகாத்து வரும் அல்லாஹ் ஒருவனுக்கே புகழனைத்தும் உரியது. ஸலாத்தும் ஸலாமும் அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

  தக்வாவைக் கொண்டு முதலில் எனக்கும் பின்னர் உங்களுக்கும் உபதேசம் செய்துகொள்கிறேன்.

வீட்டுக் கொல்லையில் காய்கறி பயிரிடுவதும், விளைந்ததைப் பிள்ளைகளோடு பகிர்ந்துகொள்வதும் இன்றைய ஜும்ஆ உரையின் பொருளாகும். மிம்பரில் பேசத்தக்க விஷயமா இது என்று சிலர் நினைக்கலாம். அவர்கள் முதலில் ஒரு ஹதீஸைச் செவிமடுக்கட்டும்.

மதீனாவில் பேரீச்சை பழுக்கத் தொடங்கும்போது மக்கள் அந்தப் பருவத்தின் முதல் பழத்தை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவருவார்கள். நபியவர்கள் அதைக் கையில் வாங்கி, தங்கள் விளைச்சலிலும், தங்கள் ஊரிலும், ஸாஉ, முத்து என்னும் தங்கள் அளவைகளிலும் பரக்கத் செய்யுமாறு அல்லாஹ்விடம் துஆச் செய்வார்கள். பின்னர் அங்கிருப்பவர்களில் மிகச் சிறிய குழந்தையை அழைத்து, அப்பழத்தை அக்குழந்தையின் கையில் கொடுப்பார்கள். இதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் முஸ்லிம் (ரஹ்) தமது ஸஹீஹில் பதிவு செய்துள்ளார்கள்.

சற்றே சிந்தித்துப் பாருங்கள். அந்தச் சபையில் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) போன்ற பெருமக்கள் இருந்திருப்பார்கள். பழத்தைக் கொண்டுவந்த தோட்டக்காரரும் இருந்திருப்பார். ஆயினும் முதல் பழம் சபையிலேயே சிறியவருக்குச் சென்றது. துஆ முடிந்தவுடன் பரக்கத் போய்ச் சேர்ந்த முதல் இடம் ஒரு குழந்தையின் கை.

கடைமடையிலிருந்து தொடங்குங்கள்

காரைக்காலில் வாழும் நமக்கு இதன் அருமை நன்கு விளங்க வேண்டும். ஏனெனில் நாம் காவிரியின் கடைமடையில் இருப்பவர்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி திறக்கப்படுகிறது. அந்தத் தண்ணீர் எத்தனையோ மதகுகளையும் வாய்க்கால்களையும் கடந்து, அரசலாற்றிலும் நாட்டாற்றிலும் நமக்கு வந்து சேர்வது கடைசியில்தான். காவிரி நடுவர் மன்றம் 2007இல் அளித்த இறுதித் தீர்ப்பில் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்திற்கு, அதாவது நமது காரைக்காலுக்கு, 7 டி.எம்.சி. தண்ணீர் ஒதுக்கப்பட்டது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அந்த அளவை உறுதி செய்தது. எழுத்தில் பங்கு இருந்தும் தலைமடை நிறைந்த பிறகு மிஞ்சுவதற்காகக் காத்திருக்கும் மனவேதனை நம் விவசாயிகள் அறியாததன்று.

ஒரு குடும்பத்திலும் தலைமடை உண்டு, கடைமடை உண்டு. சம்பாதிப்பவர், பெரியவர், விருந்தாளி ஆகியோர் தலைமடை. சிறு பிள்ளைகளும், குறிப்பாகப் பெண்பிள்ளைகளும், அண்டை வீட்டு ஏழைக் குழந்தையும் கடைமடை. நபி (ஸல்) அவர்கள் முதல் பழத்தைப் பாய்ச்சியது கடைமடைக்கு. நம் கொல்லையில் காய்க்கும் முதல் வெண்டைக்காயை, முதல் தக்காளியை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டுதல் வேண்டியதில்லை.

ஜும்ஆ தினத்தின் கீரை

மதீனாவில் ஒரு பெண்மணி இருந்தார். அவருடைய பெயரை அறிவிப்பாளர் நமக்குச் சொல்லவில்லை. தமது நிலத்தின் நீரோடை வரப்புகளில் அவர் கீரை பயிரிட்டு வந்தார். அரபியில் ‘ஸில்க்’ எனப்படும் அது பீட்ரூட் இனத்தைச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை வந்தால் அதன் கிழங்குகளைப் பிடுங்கிப் பாத்திரத்தில் இட்டு, ஒரு கைப்பிடி வாற்கோதுமை மாவைச் சேர்த்துச் சமைப்பார். ஜும்ஆ தொழுதுவிட்டுத் திரும்புகின்றவர்கள் அவருக்கு ஸலாம் கூறிச் செல்வார்கள். அவர் அந்த உணவை அவர்களுக்குப் பரிமாறுவார். அந்த உணவுக்காகவே வெள்ளிக்கிழமையை எதிர்பார்த்துக் காத்திருந்ததாக ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது.

இந்த அறிவிப்பில் கவனிக்க வேண்டிய விஷயங்கள் இரண்டு. அப்பெண்மணியிடம் இருந்தது இறைச்சியன்று. வரப்போரத்துக் கீரையும் ஒரு பிடி மாவும்தான். கொடுப்பதற்கு அது போதுமானதாக இருந்தது. அடுத்து, இதை அறிவிக்கின்ற ஸஹ்ல் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது வயது 15 என்று கூறப்படுகிறது. ஆகவே அந்தக் கீரையை உண்ட காலத்தில் அவர் சிறுவர். சிறுவயதில் அன்போடு ஊட்டப்பட்ட ஒரு கவளம் முதுமை வரை மனத்தில் தங்கி, ஹதீஸாக நம் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

அனஸ் (ரலி) அவர்களின் நிலையும் இதுவே. நபியவர்களுக்குப் பணிவிடை செய்துவந்த சிறுவர் அவர். ஒரு தையற்காரர் அளித்த விருந்தில் நபி (ஸல்) அவர்கள் பாத்திரத்தில் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடித் தேடி உண்டதை அவர் கண்டார். அன்று முதல் சுரைக்காய் தமக்கும் பிரியமானதாகிவிட்டது என்று அவரே அறிவிக்கிறார். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது.

“என் பிள்ளை காய்கறியைத் தொடுவதே இல்லை” என்று குறைபடும் தாய்மார்களே! தந்தைமார்களே! சிறுவர் அனஸுக்கு யாரும் அறிவுரை கூறவில்லை. தாம் நேசிக்கின்ற ஒருவர் விரும்பி உண்பதை அவர் பார்த்தார், அவ்வளவுதான். நாம் காயை ஒதுக்கி வைத்துவிட்டுப் பிள்ளையை மட்டும் உண்ணச் சொன்னால் அது எவ்வாறு பலிக்கும்?

2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 67.1 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமோ ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் உண்ண வேண்டும் என்கிறது. நம் வீடுகளில் பிரியாணிக்குப் பஞ்சமில்லை, முருங்கைக்கீரைக்குத்தான் பஞ்சம். கொல்லையில் ஒரு முருங்கை நின்றால் இரும்புச்சத்து வாசலிலேயே நிற்கிறது. கீரை உண்ணும் வேளையில் எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அந்தச் சத்து உடலில் நன்கு சேரும். உணவுடனே தேநீர் அருந்தினால் சேர்வது குறையும். ஏற்கெனவே சோர்ந்து வெளிறியிருக்கும் குழந்தையை மருத்துவரிடம் காட்டுவதும் கடமையே.

விதைப்பவருக்கு என்ன கிடைக்கும்?

ஒரு முஸ்லிம் மரம் நட்டு அல்லது பயிர் செய்து, அதிலிருந்து ஒரு பறவையோ மனிதரோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிமில் உள்ளது. ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பில், அதிலிருந்து திருடப்பட்டதும்கூட ஸதகா என்று வந்துள்ளது. அணில் கடித்த கொய்யாவுக்காகவும், கிளி கொத்திய மிளகாய்க்காகவும் வருந்த வேண்டியதில்லை. தெருப்பிள்ளைகள் மதில் ஏறிப் பறித்துச் சென்றாலும் கணக்கு நம் பெயரில்தான் எழுதப்படுகிறது.

அப்படிப் பறித்த ஒரு சிறுவரின் கதையும் ஹதீஸில் உண்டு. ராஃபிஉ பின் அம்ரு (ரலி) சிறுவராக இருந்தபோது அன்ஸாரிகளின் பேரீச்சை மரங்களில் கல் எறிந்தார். அவரைப் பிடித்து நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்தார்கள். நபியவர்கள் காரணம் கேட்டார்கள். உண்பதற்காக என்றார் சிறுவர். மரத்தின் மீது கல்லெறிய வேண்டாம், கீழே விழுந்ததை எடுத்து உண்ணலாம் என்று கூறி, அவருடைய தலையைத் தடவி, அவருடைய பசி தீர துஆவும் செய்தார்கள். அபூதாவூத், திர்மிதீ நூல்களில் இது பதிவாகியுள்ளது. மரத்துக்கும் பாதுகாப்பு, பசிக்கும் வழி, சிறுவருக்கும் துஆ! நாமோ மாங்காய் பறித்த பிள்ளையின் வீட்டு வாசலில் போய்ச் சண்டையிட்டு வருகிறோம்.

நமதூரின் மண்ணில் எவ்வாறு பயிரிடலாம்?

“கடலோர மணல், உப்புத் தண்ணீர், இங்கே என்ன விளையும்?” என்று கேட்கலாம். 2004 டிசம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலை நம் கடற்கரைக் கிராமங்களில் கடல்நீரைப் புகுத்தி நிலத்தில் உப்பை விட்டுச்சென்றதை நாம் மறக்கவில்லை. அதன் பின்னும் அல்லாஹ் பருவமழையை இறக்கினான்; உப்பு கழுவப்பட்டது; பயிர் மீண்டும் முளைத்தது. மனிதன் தன் உணவைக் கவனித்துப் பார்க்கட்டும் என்று ‘அபஸ’ அத்தியாயம் அழைக்கிறது. மழை பொழியப்படுவதையும், பூமி பிளக்கப்படுவதையும், தானியமும் காய்கனிகளும் முளைப்பிக்கப்படுவதையும் அது வரிசையாக நினைவூட்டுகிறது. அந்தப் பாடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு சாண் மண் போதும்.

கிணற்று நீர் சற்று உவர்ப்பாக இருந்தால் பீட்ரூட், பாலக்கீரை போன்றவை ஓரளவு தாங்கும். பீன்ஸ், கேரட், வெங்காயம் தாங்கா. வைக்கோல் அல்லது காய்ந்த தென்னோலையால் மண்ணை மூடிவைத்தால் ஈரம் காயாது, உப்பும் மேலே பூக்காது. மொட்டைமாடியில் பை வைப்பவர்கள் அடியில் துளையிட்டு, செங்கல் மீது வைக்க வேண்டும். தளம் கெடாது, ஐப்பசி கார்த்திகை மழையில் வேரும் அழுகாது. ஆடியில் கத்தரி, வெண்டை, கொத்தவரை, அவரை. மழை ஓய்ந்த பின் தையில் தக்காளி, பூசணி, கீரை வகைகள். பிள்ளைகளுக்குப் பொறுமை குறைவு. ஆகவே அவர்களுக்கு முதலில் கீரை விதையைக் கொடுங்கள். 25, 30 நாட்களில் அறுவடையாகிவிடும். அடுத்து வெண்டை, ஏறத்தாழ 45 நாட்களில் காய்க்கும். பிள்ளைகள் பறித்து அப்படியே வாயில் வைக்கும் தோட்டத்தில் நஞ்சு தெளிக்காதீர்கள். வேப்பெண்ணெய்க் கரைசல் போன்றவற்றைப் பயன்படுத்துங்கள்.

பூசணியும் சுரையும் பூத்துப் பூத்து உதிர்கின்றன என்று பலர் சொல்வார்கள். அக்கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீ வராத மாடியில், பூசணிக்குக் காலையிலும் சுரைக்கு மாலையிலும் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தடவிவிட்டால் காய் பிடிக்கும். இதைச் செய்யும்போது மதீனாவின் பேரீச்சை மரங்களைப் பிள்ளைகளுக்கு நினைவூட்டுங்கள். அங்கும் ஆண் பாளையின் மகரந்தத்தைப் பெண் மரத்தில் சேர்ப்பார்கள். ஒருமுறை அதைச் செய்யாமல் விட்டபோது விளைச்சல் குறைந்தது. இத்தகைய உலகக் காரியங்களில் அவற்றைச் செய்வோரே நன்கறிந்தவர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தியது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அறிந்தவர்களிடம் கேட்பது சுன்னத்துக்கு இசைந்தது. செருமாவிலங்கையில் 1987 முதல் பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரி இருக்கிறது; மாதூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

மார்க்கச் சட்டத்தில் சில விளக்கங்கள்

கொல்லையில் விளைந்த காய்கறிக்கு ஜகாத் உண்டா என்று சிலர் கேட்பதுண்டு. ஷாஃபிஈ மத்ஹபில், சேமித்து வைக்கத்தக்க முக்கிய உணவுப் பொருட்களுக்கே விளைச்சல் ஜகாத் கடமை, காய்கறிகளுக்கு இல்லை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடத்தில் நிலத்தில் விளையும் காய்கறிகளுக்கும் உஷ்ர் உண்டு. மழையில் விளைந்தால் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சினால் இருபதில் ஒன்று. ஆயினும் வீட்டு மனைக்குள் விளைவதற்கு ஹனஃபி மத்ஹபிலும் உஷ்ர் இல்லை. ஆக, கொல்லைக் காயில் நாம் கொடுப்பது சட்டம் வற்புறுத்தாமல் மனமுவந்து கொடுப்பதாகும். அதனால்தான் அது பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சி.

சாண எருவைப் பற்றியும் ஐயம் எழும். ஷாஃபிஈ மத்ஹபில் சாணம் நஜீஸ். எனினும் அந்த எருவில் விளைந்த காய் தூய்மையானதே. மேலே ஒட்டியிருப்பதைக் கழுவிவிட்டால் போதும். எரு இட்ட கையைக் கழுவித் தொழும் ஒழுங்கையும் பிள்ளை இங்கேயே கற்றுக்கொள்ளும்.

மூன்றாவது, உளூச் செய்த தண்ணீர். அதைக் கொண்டு மீண்டும் உளூச் செய்ய முடியாதேயன்றி, செடிக்கு ஊற்றத் தடையில்லை. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது ஏறத்தாழ முக்கால் லிட்டர், தண்ணீரில் உளூச் செய்ததாக ஹதீஸ் கூறுகிறது. பரக்கத்துக்காக அவர்கள் துஆச் செய்த முத்து இதுவே! நாமோ குழாயைத் திறந்துவிட்டுக் குடம் குடமாகச் சாக்கடைக்கு அனுப்புகிறோம். அளவாகச் செலவிட்டு, வழிந்த நீரையும் ஒரு வாழைக்கு, ஒரு முருங்கைக்குத் திருப்பிவிடலாம். பள்ளிவாசல்களிலும் நிர்வாகத்தார் முயன்றால் இது எளிதில் கூடும். பள்ளிக்கூடங்களில் காய்கறித் தோட்டம் அமைக்க மத்திய அரசு 2019இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. நம் மக்தப் மத்ரஸாக்களின் சுவரோரத்தில் நான்கு பாத்தி ஏன் இருக்கக் கூடாது?

பிள்ளைகளிடம் பங்கிடும் முறை

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு செடியைச் சொந்தமாக்குங்கள். மகனுக்கு மாமரம், மகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை என்று பிரிக்காதீர்கள். நுஃமான் பின் பஷீர் (ரலி) சிறுவராக இருந்தபோது அவருடைய தந்தை அவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்பு வழங்கி, அதற்குச் சாட்சியாக இருக்குமாறு நபி (ஸல்) அவர்களிடம் வேண்டினார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறு வழங்கவில்லை என்பதை அறிந்ததும் நபியவர்கள் சாட்சியாக மறுத்து, பிள்ளைகளிடையே நீதியைப் பேணுமாறு பணித்தார்கள். சின்னஞ்சிறு தக்காளியைப் பங்கிடும்போதும் அந்த நீதி வேண்டும். பிள்ளைகளுக்கு அது சிறிய விஷயமன்று.

அடுத்தபடியாக, பக்கத்து வீட்டுக்குரிய பங்கைப் பிள்ளையின் கையாலேயே கொடுத்தனுப்புங்கள். குழம்பு சமைத்தால் தண்ணீரைச் சற்று அதிகமாக்கி அண்டை வீட்டாரைக் கவனித்துக்கொள்ளுமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) உபதேசித்தார்கள். அண்டை வீட்டார் முஸ்லிமல்லாதவராயினும் அண்டை உரிமை உண்டு. ஒரு கைப்பிடிக் கீரையை ஏந்திக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும் பிள்ளை, கொடுப்பதன் இன்பத்தைத் தானே சுவைத்துவிடுகிறது.

நம் ஊரில் பல பிள்ளைகளின் வாப்பா பிரான்சிலோ சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார். பணம் வருகிறது, வீடு உயர்கிறது, கொல்லைக்கும் சிமெண்ட் போட்டாயிற்று. வெளிநாட்டில் உழைக்கும் சகோதரர்களே! நீங்கள் அனுப்பும் பணத்தின் பின்னால் இருக்கும் வியர்வை உங்கள் பிள்ளைக்குத் தெரியாது. இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றி ஒரு கத்தரிக்காய் பறித்த பிள்ளைக்குத்தான் உழைப்பின் விலை கொஞ்சமேனும் புரியும். தொலைபேசியில் பேசும்போது மதிப்பெண்ணைக் கேட்பதோடு, செடி எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள். வீட்டில் இருக்கும் உம்மம்மாவிடம் விதை காக்கும் வித்தையைக் கற்கச் சொல்லுங்கள்.

தோட்டம் மட்டும் போதுமா?

கடலுக்கு அப்பால் இலங்கையில் 2022ஆம் ஆண்டு ஏற்பட்ட நெருக்கடியை அறிவீர்கள். அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பொருட்களின் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. வீட்டுத் தோட்டம் போட்டு உணவைப் பயிர் செய்துகொள்ளும்படி, அரசு ஊழியர்களுக்கு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமைதோறும் விடுமுறை அளிக்க அந்நாட்டு அமைச்சரவை ஜூன் மாதத்தில் முடிவு செய்தது. நம் நாட்டிலும் 2023 ஜூலையில் தக்காளி பல நகரங்களில் கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. நெருக்கடி வந்த பின் விதை தேடுவதைவிட, அமைதியான காலத்திலேயே கற்றுக்கொள்வது அறிவுடைமை.

ஆயினும் தோட்டம் இருப்பது மட்டும் மனிதரைக் காப்பாற்றிவிடாது. ‘அல்கலம்’ அத்தியாயத்தில் அல்லாஹ் சில தோட்டக்காரர்களின் வரலாற்றைக் கூறுகிறான். ஏழை எவரும் உள்ளே வந்துவிடாதபடி அதிகாலையிலேயே அறுவடை செய்துவிடுவதென்று அவர்கள் சத்தியம் செய்துகொண்டார்கள். அவர்கள் உறங்கிக்கொண்டிருந்த இரவிலேயே அத்தோட்டம் அழிந்தது. அவர்களுடைய தந்தை நல்லவர் என்றும், விளைச்சலில் ஏழைகளுக்குப் பங்கு கொடுத்து வந்தவர் என்றும், அவர் இறந்த பிறகே பிள்ளைகள் அதை நிறுத்த முனைந்தார்கள் என்றும் விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர்.

சகோதரர்களே! அந்தத் தந்தை தோட்டத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுச்சென்றார். கொடுக்கும் கையை அவர்களுக்கு விட்டுச்செல்ல இயலவில்லை. நாமும் வீடு, மனை, நகை எல்லாம் சேர்த்து வைக்கிறோம். தர்மம் கொடுக்கிறோம், ஆனால் பிள்ளை அறியாமல், பிள்ளையின் கை படாமல் கொடுக்கிறோம். நம்மோடு அந்த வழக்கமும் மண்ணுக்குள் போய்விட்டால் என்ன செய்வது? முதல் காயைப் பிள்ளைக்குக் கொடுங்கள். அது கண்மணி நாயகத்தின் வழிமுறை. இரண்டாவது காயைப் பிள்ளையின் கையால் பிறருக்குக் கொடுக்கச் செய்யுங்கள். அது நாம் விட்டுச்செல்லும் ஸதகா ஜாரியாவாகட்டும்.

கியாமத் நாள் வந்துவிட்ட நிலையிலும் கையில் ஒரு நாற்று இருந்து, அதை நடுவதற்கு இயலுமானால் நட்டுவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். அந்த நாற்றின் காயை உண்ண எவரும் இருக்கப்போவதில்லை. அப்படியிருந்தும் நடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. உண்பதற்குக் குழந்தைகள் வீடு நிறைய இருக்கும்போது நாம் தயங்கலாமா? இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகளை அழைத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, ஒரு கைப்பிடி கீரை விதையைத் தூவுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் விளைச்சலிலும், எங்கள் ஊரிலும், எங்கள் பாத்திரங்களிலும் பரக்கத் செய்வாயாக! எங்கள் பிள்ளைகளை உன் நிஃமத்துக்கு நன்றி செலுத்துபவர்களாகவும், பெற்றதைப் பகிர்ந்து உண்பவர்களாகவும் ஆக்குவாயாக! கடைமடையில் காத்திருப்போரின் வயலையும் வயிற்றையும் நிரப்புவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.